பழைய கணையக்கல் கேஸ் ஷீட்டுகளை ஆய்வுக்காக ஸ்கேன் செய்வது: டிபிஐ, எக்ஸ்ரே ஃபிலிம், நோய்ப்பெயர்க் குழப்பம்

நூலேணி:

வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரிப் பதிவறையில் கிடக்கும் நாள்பட்ட கணைய அழற்சி கேஸ் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து, ஆய்வுக்கான தரவு எடுக்க வேண்டும். 1974 முதல் 1998 வரை உள்ளவை. ஏறக்குறைய 600 கட்டு, கட்டுக்கு 40 பக்கம். ஃபூல்ஸ்கேப் தாள், நீல மை, நடுநடுவே பென்சில். அவற்றோடு 900 எக்ஸ்ரே ஃபிலிம், ஒரு அட்டைப்பெட்டி நிறைய அல்ட்ராசவுண்ட் பிரிண்ட். கைவசம் ஒரு ஏ4 ஃப்ளாட்பெட் (கண்ணாடி மேல் தாள் வைக்கும் ஸ்கேனர்), தானே தாள் இழுக்கும் ஆபீஸ் ஸ்கேனர் ஒன்று.

தெரிய வேண்டியது நான்கு. 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி), கறுப்பு-வெள்ளை, பிடிஎஃப் என்று வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், போதுமா? ஃபிலிம்களை வியூ பாக்ஸில் மாட்டி ஃபோனில் எடுத்தால் ஆகாதா? கட்டுகளின் மேல் "டிராபிகல்" (வெப்பமண்டல வகை), "இடியோபதிக்" (காரணம் தெரியாதது), "எஃப்சிபிடி" (கணையக் கல்லோடு வரும் நீரிழிவு), "கால்சிஃபிக்" (சுண்ணாம்பு படிந்தது) என்று ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் அடைத்துவிடலாமா? அன்றைய சிகிச்சையை இன்றையதோடு ஒப்பிட எதையெல்லாம் பதிய வேண்டும்?

பதிவறைப்பூனை:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கறுப்பு-வெள்ளை வேண்டவே வேண்டாம். பென்சிலில் எழுதியது போய்விடும், வெப்பநிலை சார்ட்டின் சிவப்புக் கோடு எது நீலக் கோடு எது என்று தெரியாது. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. கறுப்பு-வெள்ளை பிடிஎஃப்பில் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை இருந்தால், ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஒரே படமாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் இதைக் கண்டுபிடித்துக் காட்டினார்: ஸ்கேன் நகலில் 6 என்பது 8 ஆகியிருந்தது, மங்கலாக அல்ல, பளிச்சென்று. உங்கள் வேலையில் அமிலேஸ் (கணைய நொதி அளவு) 680 என்பது 880 ஆனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மாஸ்டர் கோப்பு: 300 டிபிஐ, 24 பிட் வண்ணம், டிஃப் (தரம் குறையாத படக்கோப்பு வகை). மங்கிய கார்பன் காப்பிக்கும் பொடி எழுத்துக்கும் 400. ஸ்கேனர் மென்பொருளில் "வெற்றுப் பக்கம் நீக்கு", "பின்னணி சுத்தம் செய்", "தானாக நிமிர்த்து" மூன்றையும் அணைத்துவிடுங்கள். முதல் இரண்டும் பென்சில் குறிப்பைத் தின்றுவிடும். தாளின் பின்பக்கத்தைக் காலி என்று விடாதீர்கள். மலத்தில் கொழுப்பு எடை போட்ட கணக்கெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிறுக்கியிருக்கும்.

ஃபூல்ஸ்கேப் எட்டரைக்குப் பதிமூன்றரை அங்குலம். ஏ4 கண்ணாடி நீளவாக்கில் 11.7 அங்குலம்தான். ஒன்றே முக்கால் அங்குலம் வெட்டுப்படும், அதுவும் அடியில். தேதியும் டாக்டர் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். தாள் இழுக்கும் ஸ்கேனரில் நொறுங்கும் தாளை விட்டால் கிழிந்துதான் வெளியே வரும். ஆகவே கைவசம் இருக்கும் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. ஏ3 ஃப்ளாட்பெட் வாங்குங்கள், இல்லையேல் கேமராவைத் தாளுக்கு நேர்மேலே பிடிக்கும் காப்பி ஸ்டாண்டில் 24 மெகாபிக்சல் கேமரா. 6000 பிக்சலை 13.5 அங்குலத்தால் வகுத்தால் 444. ஓரம் விட்டாலும் 380க்குக் குறையாது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே வகை எல்இடி, லென்ஸ் திறப்பு எஃப்8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ராவாக (கேமரா திருத்தாத கோப்பாக) எடுப்பது. ஒவ்வொரு கட்டின் முதல் படத்திலும் ஸ்கேலும் வண்ண அட்டையும் இருக்கட்டும்.

டேக் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் 2பி பென்சிலால் வரிசை எண் போடுங்கள். தாள்கள் மாறிக் கோத்திருந்தாலும் இருக்கிற வரிசைக்கே எண். ஒழுங்குபடுத்த ஆசை வரும், கை வைக்காதீர்கள். அந்தத் தப்பான வரிசையே சிலசமயம் எந்தத் தாள் பின்னால் சேர்த்தது என்று காட்டிக்கொடுக்கும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகி நிமிர்த்தி எடுங்கள்.

இடம்: ஃபூல்ஸ்கேப் ஒரு பக்கம் 300 டிபிஐ வண்ணத்தில் சுமார் 31 எம்பி. 24,000 பக்கத்துக்கு ஏறக்குறைய 740 ஜிபி. எல்லாவற்றையும் 400இல் எடுத்தால் 1.3 டிபி. எல்இசட்டபிள்யூ சுருக்கம் தரத்தைக் கெடுக்காது, போட்டுக்கொள்ளலாம். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டிடத்தில். ஸ்கேன் முடிந்த அன்றே ஷா-256 செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) எடுத்து, கோப்புகளையும் செக்சம் பட்டியலையும் சேர்த்து வைக்கும் பேகிட் அமைப்பில் கட்டிவையுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்த பிறகு செக்சம் எடுத்தால் கெட்டுப்போன காப்பிக்கும் நல்ல சான்றிதழ் கொடுத்தது போலாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு.

கோப்புப் பெயரில் ஆஸ்பத்திரி ஐபி (உள்நோயாளி) எண் வேண்டாம். ஆய்வு எண் நான்கு இலக்கம், பக்க எண் மூன்று இலக்கம், முன்பக்கமா பின்பக்கமா என்று ஓர் எழுத்து, அவ்வளவுதான். படிப்பதற்கு டிஃப்பிலிருந்து பிடிஎஃப்/ஏ (நெடுநாள் வைப்பதற்கான பிடிஎஃப்) தயாரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைக் கணினி படிப்பது) முயல வேண்டாம்; டைப் அடித்த லேப் ரிப்போர்ட்டுக்கு மட்டும்.

இதையெல்லாம் விட முதலில்: பதிவறை இந்தத் தாள்களைக் கழிக்காது என்று எழுத்தில் வாங்குங்கள். 2002 மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். 1974 கட்டு இன்னும் இருப்பதே யாரோ மறந்ததால்தான்.

கதிர்ப்படம்:

ஃபிலிமுக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்ட் பிரிண்ட் தெர்மல் தாள். அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். பிவிசி உறையில் போட்டு வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அந்தப் பிளாஸ்டிக்கே அச்சை மங்கவைக்கும். லேமினேஷன் கூடவே கூடாது. சூடு பட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

ஃபோனில் எடுத்தால் ஆகுமா என்றால், எந்த ஃபிலிம் எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட ஆகும். கல்லை எண்ண ஆகாது. வியூ பாக்ஸ் நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரத்தில் குறைவு, ஃபோன் அதைத் தானே சரிசெய்கிறேன் என்று கான்ட்ராஸ்டை மாற்றிவிடும். ஃபிலிமுக்குப் பின்னாலிருந்து ஒளி வரும் டிரான்ஸ்பரன்சி வசதியுள்ள ஸ்கேனர் தேவை. சாதாரண மேசை ஸ்கேனர்களில் அந்த ஒளிப்பரப்பு எட்டுக்குப் பத்து அங்குலம்தான் இருக்கும். வயிற்று ஃபிலிம் பதினான்குக்குப் பதினேழு. ஒன்று, ஃபிலிம் டிஜிடைசரை வாடகைக்கு எடுங்கள். இரண்டு, சீரான எல்இடி பேனல் மேல் ஃபிலிமை வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டையால் ஒளியை மறைத்து, அறை விளக்கை அணைத்துக் கேமராவில் எடுங்கள். பேனலை மட்டும் காலியாக ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு வெளிச்ச ஏற்றத்தாழ்வைக் கழித்துவிடலாம்.

150 டிபிஐ என்றால் பிக்சலுக்கு 0.17 மி.மீ. ஒரு மி.மீ. கல்லுக்கு ஆறு பிக்சல் கிடைக்கும், குறைந்தபட்சம் அது. 300 இருந்தால் நிம்மதி. முக்கியமானது டிபிஐ அல்ல, பிட் ஆழம் (எத்தனை சாம்பல் படிகள் பதியும் என்பது): 8 பிட்டில் எடுத்தால் முதுகெலும்பின் மேல் விழும் கல் எலும்போடு கலந்துவிடும். 16 பிட் சாம்பல்நிற டிஃப் மாஸ்டர், பார்ப்பதற்கு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை). ஒரு ஃபிலிம் 300இல் 43 எம்பி. 900 ஃபிலிமுக்கு 40 ஜிபிக்குள் அடங்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு: ஃபிலிமைத் திருப்பி வைத்துவிடுவது. கணையத்தின் வால் இடப்பக்கம். திருப்பி வைத்தால் வாலில் இருக்கும் கல் தலையில் இருப்பதாகப் பதிவாகும். எல், ஆர் எழுத்து நேராகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். அது இல்லாவிட்டால் வயிற்றுக் காற்றுக் குமிழியும் கல்லீரல் நிழலும் சொல்லும்.

இன்னொன்று, அளவு. ஃபிலிமில் 15 மி.மீ. என்றால் கல் 15 மி.மீ. அல்ல. எக்ஸ்ரே குழாய்க்கும் ஃபிலிமுக்கும் 100 செ.மீ. தூரம், கணையம் ஃபிலிமிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் உருப்பெருக்கம் 1.14, உண்மைக் கல் 13 மி.மீ. தான். தூரம் எழுதாத ஃபிலிம்களில் மி.மீ. போடாமல் "சிறியது, பெரியது, குவியல்" என்று வகைப்படுத்தினால் போதும். எல்1, எல்2 முள்ளெலும்பு மட்டத்தில் நடுக்கோட்டின் இருபுறமும் கல் இருந்தால் கணையம். சுண்ணாம்பேறிய விலாக் குருத்தெலும்பும் குடல்தாங்கி நிணநீர்க் கணுவும் ஏமாற்றும், பக்கவாட்டுப் படம் இருந்தால் பிரித்துவிடலாம். இரண்டு ரேடியாலஜிஸ்டுகள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் படிக்கட்டும்.

விர்சுங்:

நோய்ப்பெயர்தான் இதில் தலைவலி. ஒரே குறியீட்டில் அடைக்காதீர்கள்.

1959இல் சுய்டிமா இந்தோனேசியாவில் ஊட்டமற்ற நோயாளிகளிடம் கணையக் கல்லும் நீரிழிவும் சேர்ந்திருப்பதை எழுதினார். பின்னர் கேரளத்தில் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை விவரித்தார். மரவள்ளிக்கிழங்கின் சயனைடுதான் காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது, பிற்பாடு நிற்கவில்லை. 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு நீரிழிவு என்று தனி வகை வைத்து, அதன் கீழ் ஃபைப்ரோகால்குலஸ் பேன்கிரியாடிக் டயாபடிஸ், அதாவது எஃப்சிபிடி, என்று சேர்த்தது. 1999இல் அந்த வகையையே எடுத்துவிட்டு, எஃப்சிபிடியைக் கணைய நோய்களால் வரும் நீரிழிவில் வைத்தது. 2002 வாக்கில் ஸ்பிங்க்1 மரபணுவில் என்34எஸ் மாற்றம் இந்திய நோயாளிகளிடம் அதிகம் என்று தெரிந்தது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு "டைப் 5" என்று ஊட்டக்குறைவு நீரிழிவுக்குப் பெயர் கொடுத்தபோது பலர் எஃப்சிபிடியையும் அதில் தள்ளிவிட்டார்கள். தவறு, கணையக் கல் இருந்தால் அது டைப் 3சி (கணைய நோயால் வரும் நீரிழிவு) பக்கம்.

அதனால் 1978 கட்டில் "டிராபிகல்" என்று இருப்பதும் 1996 கட்டில் "டிராபிகல்" என்று இருப்பதும் ஒன்றல்ல. மூன்று நெடுவரிசை வையுங்கள். முதலாவது, எழுதியபடியே, எழுத்துப்பிழையோடு. இரண்டாவது, ஆதாரம்: கல் ஃபிலிமில் தெரிந்ததா, மலத்தில் கொழுப்பு, சிறுவயது வயிற்றுவலி, மது, பித்தப்பை, கால்சியம். மூன்றாவது, இன்றைய வகை, எந்த வகைப்பாட்டின்படி, யார், எந்தத் தேதியில் தீர்மானித்தது என்ற விவரத்தோடு. கணைய அழற்சியின் காரணங்களை வகைப்படுத்தும் டைகர்-ஓ பட்டியலில் 2001 பதிப்பா 2019 பதிப்பா என்பதும் வேண்டும். மூன்றாவது வரிசையை நாளைக்கு அழித்துவிட்டு வேறு போடலாம். முதல் இரண்டையும் தொடக்கூடாது.

மது என்ற இடம் காலியாக இருந்தால் "குடிப்பதில்லை" என்று போடாதீர்கள். "எழுதவில்லை" என்று தனிக் குறியீடு. டிராபிகல், இடியோபதிக் என்ற முடிவே மது இல்லை என்பதன் மேல் நிற்கிறது. பெண்கள், பதின்வயதினர் தாள்களில் அந்தக் கேள்வியையே கேட்காமல் விட்டிருப்பார்கள். இந்த ஒரு தவறால் மொத்த ஆய்வும் சாய்ந்துவிடும். ஸ்பிங்க்1 பரிசோதனை அன்றைக்கு இல்லை, ஆகவே "மரபணு: இல்லை" அல்ல, "பார்க்கவில்லை".

அலகுகளையும் அப்படியே. அமிலேஸ் சோமோகி யூனிட்டில் இருந்தால் 1.85ஆல் பெருக்கினால்தான் லிட்டருக்கு இன்டர்நேஷனல் யூனிட் வரும்; ஆனால் பெருக்கியதைத் தனி வரிசையில் எழுதுங்கள். சர்க்கரை ஃபோலின்-வூ முறை என்றால் குளுக்கோஸ் அல்லாத பொருட்களையும் சேர்த்து எண்ணும், ஆகவே கூடுதலாகக் காட்டும். மலக் கொழுப்பு நாளுக்கு 7 கிராமுக்கு மேல் என்ற வரம்பு 100 கிராம் கொழுப்பு உண்ணும் மூன்று நாள் சோதனைக்கு. வார்டு சோற்றில் அவ்வளவு கொழுப்பு ஏது? உணவில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 6 கிராம் என்பதை "இயல்பு" என்று குறியிடாதீர்கள். இன்சுலின் "20 கோடு" என்று இருந்தால் யூனிட் என்று கொள்ளாதீர்கள். மில்லிக்கு 20 கோடு போட்ட சிரிஞ்சில் 40 வலிமை மருந்துக்கு ஒரு கோடு 2 யூனிட், 80 வலிமைக்கு 4.

சிகிச்சையில் இரண்டு விஷயம். நொதி மாத்திரை: இன்று முழு உணவுக்கு லைபேஸ் 40,000 முதல் 50,000 யூனிட், சிற்றுண்டிக்குப் பாதி, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குவது. பழைய தாளில் "2 மாத்திரை, மூன்று வேளை" என்று மட்டும் இருக்கும். பூச்சு இல்லாத மாத்திரையில் உள்ள லைபேஸ் இரைப்பை அமிலத்தில் பிஎச் 4க்குக் கீழே அழிந்துவிடும். ஆகவே மாத்திரைப் பெயர், வலிமை, எண்ணிக்கை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கூட அமிலம் குறைக்கும் மருந்து இருந்ததா என்று தனித்தனியாகப் பதியுங்கள். "நொதி சிகிச்சை: ஆம்" என்ற ஒரே கட்டம் உதவாது. அதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் நொதி வேலை செய்யவில்லை என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

அறுவை: தலைப்பை நம்பாதீர்கள், குறிப்பைப் படியுங்கள். "ப்யூஸ்டோ" என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி 1960இல் பார்டிங்டனும் ரோஷலும் சொன்ன, கணையக் குழாயைப் பக்கவாட்டில் திறந்து குடலோடு இணைக்கும் முறைதான். 1958 ப்யூஸ்டோ முறையில் மண்ணீரலும் கணைய வாலும் எடுக்கப்படும். 1987க்குப் பிறகு கணையத் தலையின் உட்பகுதியைத் தோண்டி எடுத்தது ஃப்ரே முறை. குறிப்பில் மூன்று சொல்லைத் தேடுங்கள்: மண்ணீரல் எடுத்தார்களா, குழாய் எத்தனை செ.மீ. திறந்தார்கள், தலையில் திசு எடுத்தார்களா.

நூலேணி:

இருவருக்கும் நன்றி, பூனையாருக்கும். ஏ3 ஃப்ளாட்பெட் கேட்டிருக்கிறேன். இரண்டு சந்தேகம். நெறியாளர் வலியை ஓர் எண்ணாக வேண்டும் என்கிறார், கணைய அழற்சி வலிக்கான இஸ்பிக்கி அளவுகோல் போடலாமா? தேதிகளை நோயாளிக்கு நோயாளி வேறுவேறு நாள் கூட்டி மாற்றிவிட்டால் அடையாளம் மறையும் என்று படித்தேன், சரியா?

விர்சுங்:

இஸ்பிக்கிக்கு வலி எத்தனை முறை, நோயாளியே குறிக்கும் வலி அளவு, வலிமருந்து, வேலைக்குப் போகாத நாள் என்று நான்கு வேண்டும். நோயாளியே குறிக்கும் அளவு 1980 கேஸ் ஷீட்டில் இருக்காது. இல்லாததை ஊகித்து நிரப்பாதீர்கள். நர்ஸ் சார்ட்டில் ஊசி எத்தனை போட்டார்கள் என்று எண்ணலாம், வருடத்துக்கு எத்தனை அட்மிஷன் என்று எண்ணலாம். அவை நேரடி எண்கள்.

ஒப்பிடப் போவது எதோடு என்பதையும் பாருங்கள். 2020இல் வெளியான நெதர்லாந்து எஸ்கேப் ஆய்வில் 88 பேர். முதலிலேயே அறுவை செய்தவர்களுக்கு 18 மாதத்தில் இஸ்பிக்கி வலி மதிப்பு 37, எண்டோஸ்கோப்பியில் தொடங்கியவர்களுக்கு 49. அங்கே சேர்க்கப்பட்டவர்கள் ஓபியாய்ட் (மார்ஃபின் வகை வலிமருந்து) குறைந்த காலமே எடுத்தவர்கள், கணையக் குழாய் விரிந்தவர்கள். உங்கள் கட்டில் குழாய் விட்டமும், முதல் ஓபியாய்ட் தேதியும், கணையத் தலையின் அளவும் இல்லாவிட்டால் அந்த ஆய்வோடு பக்கத்தில் வைக்கவே முடியாது. இருக்கும் கட்டுகளை மட்டும் தனிக் குழுவாகப் பிரியுங்கள்.

தேதிக்கு வேறு ஆள் வரட்டும்.

சாவிக்கொத்து:

நெறிமுறைக் குழு அனுமதி ஸ்கேன் தொடங்கும் முன்னரே வாங்க வேண்டும், பகுப்பாய்வுக்கு முன் அல்ல. பழைய பதிவேடு, நோயாளியைத் தேடிப் பிடிக்க இயலாது என்ற காரணத்தில் 2017 ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்கலாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 17(2)(ஆ) ஆய்வு, ஆவணம், புள்ளிவிவரத்துக்கு இடம் விட்டிருக்கிறது; அந்தத் தரவைக் கொண்டு தனி ஆள் குறித்த முடிவு எதுவும் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ஒரு நோயாளியின் எல்லாத் தேதியையும் ஒரே அளவு நகர்த்துவது சரிதான், இடைவெளி மாறாது. ஆனால் இந்த ஆய்வில் நாட்காட்டி ஆண்டே ஒரு தரவு. விர்சுங் சொன்னதுபோல அலகும் பெயரும் ஆண்டோடு மாறுகின்றன. ஆகவே 180 நாளுக்கு மேல் நகர்த்தாதீர்கள், "1974–79, 1980–84" என்று காலக்கட்டம் தனி வரிசையில், நகர்த்தாத தேதியிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

மாஸ்டர் டிஃப்பில் பெயரை மறைக்க வேண்டாம். மாஸ்டரை என்கிரிப்ட் செய்து பூட்டுங்கள், மறைப்பதெல்லாம் பிரதியில். ஃபிலிம் மூலையில் பெயர்த் தகடு பதிந்திருக்கும், அல்ட்ராசவுண்ட் படத்தின் மேலேயே பெயர் அச்சாகியிருக்கும். டைகாம் தலைப்பில் பெயரை அழித்தால் அவை போகாது. கறுப்புப் பட்டை போட்ட பிடிஎஃப்பில் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், பட்டையோடு சேர்த்துப் படமாக மாற்றிவிடுங்கள். ஊர்ப்பெயரை மாவட்டமாகச் சுருக்குங்கள்: சின்ன ஊரில் 12 வயதில் கணைய அறுவை செய்த பெண் என்றால் பெயரே வேண்டாம், ஊரார் சொல்லிவிடுவார்கள்.

ஆய்வு எண்ணையும் ஐபி எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒன்றே ஒன்று, ஸ்கேன் செய்யும் கணினியில் இருக்கக்கூடாது.

பதிவறைப்பூனை:

தரவு ஏற்றுவதை ஒருவரே செய்யக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுத் தரவு ஏற்றும் மென்பொருளான ரெட்கேப் இருந்தால் அதிலேயே இரட்டைப் பதிவு வசதி உண்டு. முதல் 30 கட்டை இருவரும் தனித்தனியே ஏற்றி, எந்தக் கட்டத்தில் அதிகம் முரண்படுகிறார்கள் என்று பாருங்கள். மது, வலி தொடங்கிய வயது, இந்த இரண்டிலும்தான் முரண் குவியும். அப்போது படிவத்தை மாற்றலாம். 600ஐயும் ஏற்றிய பிறகு மாற்ற முடியாது.

நூலேணி:

மது கட்டத்தை இப்போதே நான்காகப் பிரித்துவிட்டேன்: "ஆம்", "இல்லை என்று எழுதியிருக்கிறது", "கேட்டதாகத் தெரியவில்லை", "படிக்க முடியவில்லை". தெர்மல் பிரிண்ட் பெட்டியைத் திங்களன்று திறக்கிறோம்.